மூக்கைத் தொடாதீர்கள், ஈறைப் பாருங்கள்

இந்த வாரத் தபாலில் முக்கால்வாசிக் கடிதங்கள் சுற்றி வளைத்துக் கேட்பது ஒன்றைத்தான்: "நாயை டாக்டரிடம் காலையில் கூட்டிக்கொண்டு போனால் போதுமா, இப்போதே ஓடணுமா?" ஆகவே நாய்க்கு ஷாம்பு, சீப்பு, பெயர் ராசி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த வாரம் வரை பொறுத்தருள்க.

கேள்வி: நாயின் மூக்கு ஈரமாக இருந்தால் ஆரோக்கியம், காய்ந்திருந்தால் காய்ச்சல் என்கிறார் எதிர்வீட்டு மாமா. தினமும் வந்து எங்கள் ஜிம்மியின் மூக்கைத் தொட்டுப் பார்த்து, காபி குடித்துவிட்டுப் போகிறார். நம்பலாமா?
— ஜிம்மி வீட்டார், மயிலாப்பூர்

பதில்: மாமா காபியை நம்பி வருகிறார், நீங்கள் மூக்கை நம்பிவிடாதீர்கள். தூங்கி எழுந்த நாய்க்கும் ஃபேனுக்கு அடியில் கிடந்த நாய்க்கும் மூக்கு காய்ந்துதான் இருக்கும். உயிருக்குப் போராடும் நாயின் மூக்கு சில்லென்று ஈரமாகவும் இருக்கலாம். மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தி விட்டால் அந்த இடம் வெளுத்து, இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். ஈறு வெள்ளைத்தாள் மாதிரி வெளுத்திருந்தாலோ, நீலம் பாரித்திருந்தாலோ, செங்கல் நிறத்தில் இருந்தாலோ அன்றைய மற்ற வேலைகள் ரத்து. மஞ்சள் தட்டினால் அன்றைக்கே டாக்டர். சில நாய்களுக்குப் பிறவியிலேயே ஈறு கறுப்பு. அவற்றுக்குக் கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பார்க்கலாம். நாய் நன்றாக இருக்கும் நாளிலேயே இதைப் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். நடுராத்திரியில் டார்ச் வெளிச்சத்தில் முதல் முறையாகப் பார்த்தால் எல்லா ஈறும் வெளுப்பாகத்தான் தெரியும்.

காய்ச்சலை அறிய ஆசனவாயில் வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்றே வழி. 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை நாய்க்கு இயல்பு. நமக்கு 102 என்றால் லீவு லெட்டர் எழுதுவோம். ஜிம்மிக்கு 102 என்றால் பூனையைத் துரத்தக் கிளம்பும். 104ஐத் தாண்டினால் அன்றே டாக்டர். 106 என்றால் அந்த நிமிடமே. தெர்மாமீட்டரை மாமா கையில் கொடுத்துப் பாருங்கள், நாளையிலிருந்து காபிச் செலவு மிச்சமாகும்.

கேள்வி: எங்கள் ஜெர்மன் ஷெப்பர்டு ராத்திரி சாப்பிட்ட பிறகு குமட்டிக்கொண்டே இருந்தான். வாந்தி வரவில்லை, நுரைதான் வந்தது. படுக்கிறான், எழுகிறான், வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறான். "வாயுக் கோளாறு, ஓமத் தண்ணீர் கொடு, காலையில் பார்க்கலாம்" என்றார் அப்பா. நான் சண்டை போட்டு ஒரு மணிக்கு ஆட்டோ பிடித்தேன். ஆபரேஷன் செய்து பிழைத்துவிட்டான். அப்பா இன்னும் ஆட்டோக் கட்டணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். யார் பக்கம் நியாயம்?
— ஷெப்பர்டின் அக்கா, சேலம்

பதில்: அப்பா சொன்னதில் பாதி சரி. வாயுதான். ஆனால் ஓமத்துக்குக் கட்டுப்படுகிற வாயு இல்லை. இரைப்பை காற்றால் ஊதி, தன்னைத்தானே முறுக்கிக்கொள்கிறது. மேலேயும் வழி அடைத்துப் போகிறது, கீழேயும் அடைத்துப் போகிறது; அதனால்தான் அத்தனை குமட்டியும் ஒன்றும் வெளியே வரவில்லை. ஊதிய இரைப்பை பெரிய ரத்தக் குழாய்களை நெரிக்க, இதயத்துக்குத் திரும்ப வேண்டிய ரத்தம் திரும்பாது. நாய் அதிர்ச்சி நிலைக்குப் போய்விடும். சில மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். காலையில் பார்த்திருந்தால் பார்க்க அவன் இருந்திருக்க மாட்டான்.

கிரேட் டேன், டாபர்மேன், ஷெப்பர்டு போல ஆழமான மார்பும் ஒட்டிய வயிறும் கொண்ட பெரிய நாய்களுக்கு இது அதிகம். நம் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் அதே வாகுதான், எனவே அவற்றை வளர்ப்போரும் இதை வாசிக்கவும். "வாந்தி எடுக்க முயல்கிறது, ஆனால் வரவில்லை" என்பதைவிட அவசரமான ஒரு வாக்கியத்தை நாய் வளர்ப்பவர் போனில் சொல்ல முடியாது. வயிறு முரசு மாதிரி ஊதும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அகன்ற மார்புக் கூட்டுக்குள் இரைப்பை ஒளிந்திருந்தால் ஊதியது வெளியே தெரியாமலே போகும்.

இனி ஒரே வேளையில் மூட்டையாகக் கொட்டாமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். சாப்பிட்டவுடன் பந்து வீச வேண்டாம். ஆட்டோக் கட்டணத்தை அப்பாவிடமே வசூலியுங்கள்.

கேள்வி: நேற்றிலிருந்து என் லேப்ரடார் சாப்பிடவில்லை. அவசரமா?
— ஆர்.எஸ்.புரம் வாசகி, கோவை

பதில்: லேப்ரடார் சாப்பிடவில்லை என்பதே செய்திதான். வளர்ந்த நாய், வாலை ஆட்டிக்கொண்டு, தண்ணீர் குடித்துக்கொண்டு, நடந்துகொண்டிருந்தால் ஒரு நாள் பார்க்கலாம். அதோடு வாந்தியோ சோர்வோ சேர்ந்தால் காத்திருக்க வேண்டாம். மூன்று மாதக் குட்டி என்றால் இந்தப் பதிலே செல்லாது, அடுத்ததைப் படியுங்கள்.

கேள்வி: ஒரு புரோக்கரிடம் 45 நாள் குட்டி வாங்கினோம். "எல்லா ஊசியும் போட்டாச்சு" என்றார். வந்த நாலாம் நாள் வாந்தி. மறுநாள் பேதி, அதில் ரத்தம், நாற்றம் தாங்கவில்லை. பக்கத்து வீட்டில் மாதுளைத் தோல் கஷாயம் சொன்னார்கள், என் மாமியார் தயிர் சாதம் சொன்னார், கணவர் இளநீர் சொன்னார். டாக்டர் அட்மிட் செய்யச் சொன்னார். இத்தனை அவசரம் தேவைதானா?
— புதிதாய் அம்மா ஆனவள், மதுரை

பதில்: நாலு பேர் சொன்னதில் நாலாமவர் சொன்னதைக் கேளுங்கள். குட்டிக்கு வாந்தியும் ரத்தப் பேதியும் சேர்ந்து வந்தால், வேறு என்று நிரூபணமாகும் வரை பார்வோ என்றே எடுத்துக்கொள்வோம். 1978 வாக்கில் உலகம் முழுக்கப் பரவிய வைரஸ் இது. இன்றைக்கும் நம் தெருக்களில் குட்டிகளை வாரிக்கொண்டு போகிறது. குடலின் உள்சுவரை அரித்து, வெள்ளை அணுக்களையும் குறைத்துவிடும். குட்டியைக் கொல்வது பெரும்பாலும் நீர் வற்றுவதும், அரித்த குடல் வழியே கிருமி ரத்தத்தில் ஏறுவதும்தான். இளநீர் வாய் வழியே போனால் வாய் வழியே திரும்பி வரும். நரம்பில் டிரிப்ஸ் ஏற்றினால்தான் உடம்பில் தங்கும். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலான குட்டிகள் இறக்கின்றன. நேரத்தோடு அட்மிட் செய்தால் பெரும்பாலானவை பிழைக்கின்றன. நடுவில் இருப்பது தயிர் சாதம் போட்டுப் பார்த்த அந்த ஒரு நாள்தான்.

பிடரித் தோலை மெல்ல இழுத்து விடுங்கள். சட்டென்று படியாமல் கூடாரமாக நின்றால் உடம்பில் நீர் இல்லை. குட்டி துவண்டு, உடம்பு குளிர்ந்து, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காவிட்டால் சர்க்கரையும் இறங்கியிருக்கும். இதற்கெல்லாம் மணிக்கணக்குதான் அவகாசம்.

புரோக்கர் விஷயம்: முதல் ஊசியே ஆறு முதல் எட்டு வாரத்தில்தான். பிறகு மூன்று நாலு வார இடைவெளியில் 16 வாரம் வரை போட வேண்டும். 45 நாள் குட்டிக்கு "எல்லா ஊசியும்" போட்டவர் காலத்தை வென்றவராக இருக்க வேண்டும். வீட்டை ஃபினாயிலால் துடைத்து நிம்மதி அடையாதீர்கள், பார்வோ அதற்கு அசையாது. பிளீச்சிங் கரைசல்தான் கேட்கும். மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் வைரஸ் என்பதால், ஊசி முடியாத இன்னொரு குட்டியை இப்போதைக்கு அந்த வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

கேள்வி: காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் அரை மாத்திரை கொடுக்கலாமா? நமக்குக் கேட்கிறதே.
— மெடிக்கல் ஷாப் பக்கத்து வீடு, விழுப்புரம்

பதில்: கூடாது. அளவு கொஞ்சம் பிசகினாலும் ஈரலையும் சிவப்பணுக்களையும் கெடுக்கும்; பூனைக்கு இன்னும் மோசம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வகையறா வயிற்றில் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் தரும். அந்த டைக்ளோஃபினாக்தான், ஊசி போட்ட மாடுகள் செத்த பிறகு அவற்றைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளைக் கூட்டம் கூட்டமாகச் சாகடித்தது. 2006ல் கால்நடை உபயோகத்துக்கு அதைத் தடை செய்தார்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். டாக்டர் திட்டுவார், அவ்வளவுதான். தெரியாமல் அவரும் ஒரு வலி ஊசி போட்டால் நாய்க்கு இரட்டைத் தண்டனை.

கேள்வி: வலிப்பு வந்தால் நாய்க்கும் இரும்புச் சாவி கொடுக்கலாமா?
— சாவிக்கொத்து, கும்பகோணம்

பதில்: பூட்டு எங்கே இருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள். மனிதருக்கும் பயனில்லாத வைத்தியம், நாய்க்கு மட்டும் பலிக்குமா? வாயில் சாவி, கரண்டி, கை எதையும் வைக்காதீர்கள். நாக்கை அது விழுங்காது, உங்கள் விரலைக் கடிக்கும். பக்கத்தில் உள்ள நாற்காலிகளை நகர்த்தி, விளக்கைக் குறைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒரே நாளில் இரண்டாவது முறை வந்தாலோ, முதல் வலிப்பிலிருந்து முழுத் தெளிவு வராமலே அடுத்தது வந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இரண்டு நிமிடத்தில் அடங்கினால் அன்றைக்குள் காட்டினால் போதும். கூட ஒருவர் இருந்தால் போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் நடித்துக் காட்டுவதைவிட அது தெளிவாக இருக்கும்.

குட்டி போட்டு இரண்டு மூன்று வாரமான தாய் நடுங்கி, விறைத்து, மூச்சிரைத்தால் அது வேறு கதை. பாலோடு கால்சியமும் போய்விட்டது. சின்ன ஜாதி நாய்களுக்கு அதிகம் வரும். குட்டிகளைப் பாலிலிருந்து பிரித்துவிட்டு உடனே கிளம்புங்கள். ஊசியில் கால்சியம் ஏறியதும் நாய் எழுந்து உட்காருவதைப் பார்த்தால் மந்திரம் என்பீர்கள்.

கேள்வி: தெருவில் நாங்கள் சோறு போடும் மணி இரண்டு நாளாக வாயை மூட முடியாமல் எச்சில் ஒழுக நிற்கிறான். தொண்டையில் எலும்பு மாட்டியிருக்கும் என்று நண்பன் கைவிட்டு எடுக்கப் பார்க்கிறான். சரியா?
— மணியின் சோற்றுக்கடன்காரர், வேலூர்

பதில்: நண்பனை நிறுத்துங்கள். இங்கே நகைச்சுவைக்கு இடமில்லை. தாடை தொங்கி, எச்சில் வடிந்து, விழுங்க முடியாமல், குரல் மாறி, பின்னங்கால் தள்ளாடும் நாய்க்கு வெறிநோயாக இருக்கலாம். துரத்திக் கடிப்பது மட்டும்தான் வெறிநோய் என்று நினைக்கிறோம். சத்தமில்லாமல் மூலையில் முடங்கும் வகையும் உண்டு. எலும்பு மாட்டியது போலவே தோன்றும் இந்த வகையில்தான் பலர் கையை விட்டு மாட்டிக்கொள்கிறார்கள். எலும்பு மாட்டிய நாய் பெரும்பாலும் சாப்பிட்ட கையோடு முன்னங்காலால் வாயைப் பிராண்டிப் பதறும். இரண்டு நாளாக மௌனமாக நிற்பது அந்த ரகமில்லை.

யாரும் நெருங்காமல் பார்த்துக்கொண்டு, உள்ளாட்சி அலுவலகத்துக்கோ கால்நடை மருத்துவமனைக்கோ சொல்லுங்கள். எச்சில் உங்கள் காயத்திலோ கண்ணிலோ வாயிலோ பட்டிருந்தாலும், பல் கீறியிருந்தாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, கண் என்றால் வெறும் தண்ணீரில் அலசிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனை. ஊசி அங்கே இலவசம். நண்பனையும் கையோடு அழைத்துப் போங்கள்.

கேள்வி: பக் நாய் வைத்திருக்கிறோம். கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் விளையாடிவிட்டு வந்து மூச்சிரைத்தது. ஐஸ் வாட்டரில் முக்கி எடுத்தேன். சரிதானே?
— குளிர்ந்த மனசுக்காரன், திருச்சி

பதில்: கத்திரி வெயிலில் பக்கை மொட்டை மாடிக்கு அனுப்பியவரே, நாய்க்கு வியர்வை கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். பக்கின் சப்பை மூக்கில் அதற்கும் வழியில்லை. ஈறு செங்கலாகி, எச்சில் பசையாகி, நடை தள்ளாடினால் உள்ளுறுப்புகள் வேக ஆரம்பித்துவிட்டன. ஐஸ் வேண்டாம், குழாய்த் தண்ணீரே போதும். உடம்பு முழுக்க, முக்கியமாக வயிறு, தொடை இடுக்கில் ஊற்றி, எதிரே ஃபேனை வையுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி வைக்காதீர்கள், அது சூட்டை உள்ளேயே பூட்டிவிடும். நனைத்துவிட்டு அப்படியே ஏ.சி. காரில் ஏற்றுங்கள். சூடு 103க்கு இறங்கியதும் தண்ணீரை நிறுத்திவிடலாம். "இப்போது ஓடியாடுகிறதே" என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். சிறுநீரகமும் ரத்தம் உறைவதும் கெடுவது மறுநாள்கூடத் தெரியவரும்.

கேள்வி: 12 வயதுப் பொமரேனியன். ராத்திரியில் தொண்டையில் முடி மாட்டியது போல இருமுகிறாள். தேனும் துளசியும் கொடுக்கிறேன்.
— பொம்மியின் பாட்டி, பாளையங்கோட்டை

பதில்: தேனை நீங்கள் சாப்பிடுங்கள். வயதான சின்ன நாய்க்கு ராத்திரி இருமல் என்றால் மூச்சுக்குழல் தளர்ந்திருக்கலாம், இதயமாகவும் இருக்கலாம். ஆழ்ந்து தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30க்குள் இருக்க வேண்டும். தினமும் அதைத் தாண்டினால் இந்த வாரமே காட்டுங்கள். 40ஐத் தாண்டி, படுக்க முடியாமல் முழங்கையை அகற்றிக் கழுத்தை நீட்டி உட்கார்ந்திருந்தால், நாக்கு நீலமானால், இந்த ராத்திரியே கிளம்ப வேண்டும். மூச்சுக்குத் திணறும் நாயைக் கட்டிப்பிடித்துச் சமாதானம் செய்ய வேண்டாம். அதற்கு இப்போது வேண்டியது பாசமில்லை, ஆக்ஸிஜன்.

கேள்வி: பெண் நாய், ஏழு வயது, கருத்தடை செய்யவில்லை. ஹீட் முடிந்து ஒன்றரை மாதம். குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை. வெயிலாலா?
— நாமக்கல் வாசகர்

பதில்: வெயில் எல்லா நாய்க்கும்தான் அடிக்கிறது. கர்ப்பப்பையில் சீழ் கட்டினால் இப்படித்தான் ஆரம்பிக்கும். பின்பக்கம் சீழ் வடிந்தால் தெரிந்துவிடும். வடியாமல் வாய் மூடிக்கொண்டால் இன்னும் ஆபத்து, உள்ளேயே வெடிக்கலாம். இன்றே ஸ்கேன், ஊர்ஜிதமானால் கர்ப்பப்பையை எடுக்கும் ஆபரேஷன். கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊரில் இருந்துகொண்டு எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்களே.

கேள்வி: நாய் எலி மருந்தை நக்கிவிட்டது. உப்புத் தண்ணீர் கொடுத்தோம், வாந்தி வரவில்லை. ஒரு நாள் ஆகிறது, நன்றாகத்தான் இருக்கிறது.
— தென்னந்தோப்பு, பொள்ளாச்சி

பதில்: "நன்றாகத்தான் இருக்கிறது" என்பதுதான் எலி மருந்தின் சூழ்ச்சி. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை என்றால் மூன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் ரத்தம் கசியும். அதற்குள் வைட்டமின் கே தொடங்கிவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல இருப்பான். பேஸ்ட் வகை ஈரலை எரிக்கும். அதற்கு முறிமருந்தே இல்லை. துத்தநாக பாஸ்பைடு என்றால் வயிற்றுக்குள் விஷவாயு கிளம்பும். வாந்தியை முகர்ந்து ஆராயாமல் கார்க் கண்ணாடிகளைத் திறந்து வையுங்கள். எது என்று தெரிய டப்பாவைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். உப்புத் தண்ணீர், எண்ணெய், பால் எதுவும் வேண்டாம். வாந்தி எடுக்க வைப்பதா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

கேள்வி: பாயசத்தை நக்கிவிட்டதே?
— பண்டிகை வீடு, தஞ்சாவூர்

பதில்: முந்திரி போனால் போகட்டும். உலர் திராட்சை எத்தனை போனது என்று எண்ணுங்கள். சில நாய்களுக்குக் கொஞ்சமே சிறுநீரகத்தைக் கெடுக்கும், எந்த நாய்க்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. உடனே போன் செய்யுங்கள். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் உள்ள சைலிட்டால் அதைவிட வேகம். அரை மணியில் ரத்தச் சர்க்கரை சரியும்.

கேள்வி: வரப்பில் நாயும் பாம்பும் சண்டை. பாம்பு செத்தது. நாயின் முகம் வீங்கியிருக்கிறது. கட்டுப் போடவா, வேப்பிலை அரைக்கவா?
— கழனிக்காரர், திருவாரூர்

பதில்: கட்டும் வேண்டாம், கீறலும் வேண்டாம், வேப்பிலை மரத்திலேயே இருக்கட்டும். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். விரியன் கடித்தால் வீக்கமும் ரத்தக் கசிவும். நாகமோ கட்டுவிரியனோ என்றால் இமை தொங்கி, கால் துவண்டு, மூச்சு நிற்கும். கட்டுவிரியன் கடியில் வீக்கமே இல்லாமலும் போகும். மனிதருக்குப் போடும் அதே விஷமுறிவு மருந்தைத்தான் நாய்க்கும் போடுகிறோம். அதற்கான விஷம் எடுப்பதில் நம் வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் ஊர் டாக்டரிடம் மருந்து கையிருப்பு இருக்கிறதா என்று கிளம்பும்போதே போனில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: நள்ளிரவில் யாரைக் கூப்பிடுவது? கூப்பிட்டால் டாக்டர் திட்டமாட்டாரா?
— தூக்கமில்லாதவன், சென்னை

பதில்: திட்டினாலும் கேட்டுக்கொள்ளுங்கள். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரியில் 1903ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களில் 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் உண்டு. ஆடு மாடுகளுக்காக வந்த சேவை, இருந்தாலும் அருகில் யார் இருக்கிறார் என்று கேட்டு வைக்கலாம். ஊரார் மாட்டாஸ்பத்திரி என்று சொல்லும் அரசு மருந்தகத்தில் நாயையும் பார்ப்பார்கள். ஆனால் ராத்திரி திறந்திருக்கும் இடம் எது என்பதைப் பகலில், நாய் நன்றாக இருக்கும்போது விசாரித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.

போனில் "டாக்டர், எங்க பையன் ஒரு மாதிரியா இருக்கான்" என்று தொடங்கினால் "ஒரு மாதிரி" என்பதைப் பிரிக்கவே பத்து நிமிடம் ஆகும். வயது, எடை, என்ன நடந்தது, எப்போதிலிருந்து, ஈறு நிறம், கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது, இவ்வளவு போதும். வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும். துப்பட்டாவால் வாயைக் கட்டலாம். வாந்தி எடுக்கும் நாய்க்கும் மூச்சுத் திணறும் நாய்க்கும் மட்டும் கட்டக் கூடாது.

கேள்வி: என் மாமியார் வந்தாலே எங்கள் நாய் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறது. நோயா?
— பெயர் கண்டிப்பாக வேண்டாம், ஈரோடு

பதில்: அனுபவம். ஆனால் மாமியார் ஊருக்குப் போன பிறகும் வெளியே வராவிட்டால் கூட்டிக்கொண்டு வாருங்கள். வலி உள்ள நாய் கத்துவதைவிட ஒளிவதுதான் அதிகம்.

கேள்வி: எங்கள் டைகர் காலையிலிருந்து கம்பத்துக்குக் கம்பம் காலைத் தூக்குகிறான், ஒரு சொட்டு வரவில்லை. உடம்பு சூடு என்று இளநீர் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.
— டைகரின் அப்பா, தாம்பரம்

பதில்: இளநீர் உள்ளே போக வழி இருக்கிறது, வெளியே வர வழியில்லை. கல் அடைத்திருக்கும். மூன்றாவது இளநீரை வெட்டாமல் வண்டியை எடுங்கள்.